குருவம்மாள் நட்ட இடமும் முளைத்த இடமும்

இப்போது நான் சொல்லப்போவது அப்பட்டமான உண்மைக் கதை. இதில் ஒரு சொல் பொய் இருந்தால் என் ஜீப்பின் நான்கு டயரும் ஒரே நேரத்தில் பஞ்சராகட்டும். சரி, ஒரு டயர் போதும், ஸ்டெப்னி இருக்கிறது. இன்னும் கொஞ்சம் நேர்மையாகச் சொன்னால், கதை உண்மை, அளவுகள்தான் என் வாயிலிருந்து வரும்போது வளர்ந்துவிடும். முழம் என்று நான் சொன்னால் சாண் என்று எடுத்துக்கொள்ளுங்கள். யானை என்று சொன்னால் மட்டும் யானை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மூணாறு பக்கத்து எங்கள் சின்னக்கானலில் அதை யாரும் கூட்டிச் சொல்லத் தேவையில்லை.

ஆடி மழை. நான்கு நாட்களாகச் சவாரி இல்லை. பூமாரி அக்காவின் டீக்கடையில் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறோம். அக்கா எஸ்டேட்டில் பதினைந்து வருஷம் கொழுந்து எடுத்துவிட்டுக் கடை போட்டவர். ஜோமோன் என்னைப் போல ஜீப் ஓட்டுகிறவன். குருசாமி அண்ணன் மேலே இருக்கிற ரிசார்ட்டில் வாட்ச்மேன். அவர் இந்தக் கதையிலும் வருவார், அதனால் தன் பெயர் வரும்போதெல்லாம் இருமுவார். கண்டுகொள்ளாதீர்கள். நான் வேல்முருகன். ஒரு விஷயத்தில் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அதற்காகத்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

குருவம்மாள் சித்தி நாலரை அடி உயரம். அதில் ஒரு அடி கொண்டை. தேயிலைக்குள் இறங்கிவிட்டால் ஆள் தெரியாது, கொண்டை மட்டும் செடிகளுக்கு மேலே நீந்திப் போகும். முப்பத்துநான்கு வருஷம் கொழுந்து எடுத்தார். மற்ற பெண்கள் கொழுந்து வெட்டும் கத்தரிக்கோலுக்கு மாறியபோதும் சித்தி கையாலேயே கிள்ளினார். புருஷன் கருத்தப்பாண்டி சித்தப்பா ஃபேக்டரியில் இருந்தவர். இப்போது அவருடைய இரண்டு முழங்காலும் அவர் சொல்வதைக் கேட்பதில்லை.

வேலையில் இருக்கிற வரைதான் எஸ்டேட் லயத்து வரிசையில் வீடு. சித்திக்கு வயதாகி வேலை முடிந்ததும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். எங்கே போவது? மகளைக் கட்டிக்கொடுத்த இடத்தில் அவளுக்கே இடம் இல்லை. சங்கரன்கோவில் பக்கம் பூர்வீகம் என்பார்கள். அங்கே அவர்களுக்கு இருப்பது ஒரு குலசாமி கோயில் மட்டும். அதில் குடியேறினால் சாமி கோபித்துக்கொள்ளும்.

அப்போதுதான் ரிசார்ட்டில் தோட்ட வேலை கிடைத்தது. வேலையோடு ஒரு ரூம். கதவைத் திறந்தால் கட்டில், கட்டிலைத் தாண்டினால் சுவர். ஒருவர் புரண்டு படுத்தால் இன்னொருவர் எழுந்து வழிவிட வேண்டும். ஆனால் கூரை ஒழுகாது. கழிவறை பக்கத்திலேயே, படி இல்லாமல் இருந்தது. சித்தப்பாவின் முழங்கால்களுக்கு அது அரண்மனை.

அந்த ரூமுக்கு ஒரு நிபந்தனை இருந்தது.

ரிசார்ட்டின் சாப்பாட்டு ஹாலுக்குக் கீழே ஒரு சரிவு. போன மழையில் புல் எல்லாம் மண்ணோடு வழுக்கிக்கொண்டு கீழே ஜீப் நிறுத்துகிற ஜல்லித் தரைக்கு வந்துவிட்டது. எர்ணாகுளத்தில் இருக்கும் முதலாளி போனில் படம் பார்த்துவிட்டு, படர்கிற செடி போட்டு மண்ணை மூடச் சொன்னார். மே மாசக் கடைசியில் நேரில் வருவாராம். அதற்குள் முக்கால்வாசியாவது மூடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கான்ட்ராக்ட்காரர்களிடம் விட்டுவிடுவார். அவர்களுடைய ஆட்கள் வந்தால் அந்த ரூமில்தான் தங்குவார்கள்.

பொங்கல் முடிந்த வாரம் நாற்பது ட்ரே செடி வந்தது. பாலக்காடு கொழிஞ்சாம்பாறையில் அர்த்தநாரி என்பவருடைய நர்சரியிலிருந்து. கடைத்தெருவிலிருந்து மேலே கொண்டுபோனது என் ஜீப். விரல் நுனி அளவு குண்டு இலைகள், மஞ்சள் கலந்த பச்சை. தரையை விட்டு நாலு விரலுக்கு மேல் எழும்பாது. பார்த்தால் சோற்றுக்கற்றாழைக்குச் சித்தப்பா மகன் மாதிரி இருந்தது. சீடம் என்று பேர் சொன்னார்கள்.

சித்தி ஓர் இலையை நசுக்கிப் பார்த்தார். தண்ணீர் வந்தது.

“ஏ வேலு, இது என்னப்பா, கெழங்கா கீரையா? உள்ள பூராவும் தண்ணியால்ல கெடக்கு.”

“செடிதான் சித்தி. மண்ணை மூடுற செடி.”

“மண்ணை எதுக்குப்பா மூடணும்? முப்பத்துநாலு வருசமா மண்ணு தெரியிற மாதிரி களை எடு, களை எடுன்னுதான சொன்னாக.”

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. மண்ணை எதற்கு மூட வேண்டும் என்பது நாலாம் வகுப்பில் வந்திருக்கும்.

சித்திக்குத் தெரிந்த வளர்ப்பு ஒன்றுதான், லயத்துக்குப் பின்னால் பீன்ஸும் முட்டைக்கோசும் போட்ட வளர்ப்பு. சரிவை ஆழமாகக் கொத்தினார். மாட்டுச்சாணி எரு கொட்டினார், கொட்டினார், மூன்று நாள் ரிசார்ட்டில் தங்கியவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டே போட்டோ எடுத்தார்கள். ஒவ்வொரு செடியையும் கழுத்து வரை புதைத்தார். காலையும் மாலையும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். பிள்ளை பெற்றவளைக் கவனிப்பது போலக் கவனித்தார்.

பன்னிரண்டாம் நாள் செடி எல்லாம் கூழாகிவிட்டது. கைவைத்தால் வழுக்குகிறது. மேலே வரப்பு ஓரத்தில், எருவும் தண்ணீரும் எட்டாத இடத்தில் மட்டும் இரண்டு ட்ரே அளவுக்கு உயிர் இருந்தது.

மேனேஜர் நிமி கோட்டயம் பக்கத்துப் பெண். தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பாள். அர்த்தநாரிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“ஏனுங்க, தண்ணி எப்படி ஊத்துறீங்க?” என்றார் அர்த்தநாரி.

“ரெண்டு நேரமும் ஊத்துதேன் சாமி. பத்தலையா?” என்றார் சித்தி.

போனில் அர்த்தநாரி தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“ஏனுங்கம்மா, எங்கூர்ல பத்து நாளைக்கு ஒருக்கா ஊத்துனாலே சாஸ்திங்க. எருவை வழிச்சுப் போட்டுட்டு பொடி ஜல்லி விரிச்சு உடுங்க. செடியைப் பொதைக்க வேண்டாம். நுனியக் கிள்ளி, ஒரு நா வெய்யில்ல வாட உட்டு, மேலாப்புல போட்டாப் போதும். போட்டுட்டு மறந்துருங்க. மறந்தாத்தான் அது வளரும்.”

“மறக்கிறதுக்கா என்னைய வேலைக்கு வச்சிருக்காக?” என்று சித்தி என்னைப் பார்த்துக் கேட்டார். அர்த்தநாரி சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், ஒன்றையும் நம்பவில்லை. பிழைத்த செடிகளில் கொஞ்சத்தைப் பிடுங்கிச் சரிவில் மறுபடி ஆழமாக நட்டுத் தண்ணீர் ஊற்றினார், எங்களுக்குத் தெரியாமல். அதுவும் கூழானது.

மார்ச் மாதம்தான் குழப்பம் ஆரம்பித்தது. நான் ஜீப்பைத் திருப்பும்போது கீழே ஜல்லித் தரையில் பச்சை தெரிந்தது. இறங்கிப் பார்த்தேன். அதே சீடம். யாரும் நடவில்லை, யாரும் தண்ணீர் காட்டவில்லை, கூழாங்கல்லுக்கு நடுவே சொகுசாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு வாரத்தில் ஒரு தட்டு அளவு, இரண்டு வாரத்தில் ஒரு பாய் அளவு. மூன்றாம் வாரம் எங்கே வண்டியை நிறுத்துவது என்று தெரியாமல் நான் மூணாறு வரை போய் நிறுத்திவிட்டு நடந்து வந்தேன்.

“மூணாறு வரைக்கும் நடந்தவன் மூஞ்சியப் பாரு” என்றார் பூமாரி அக்கா.

அளவுதான் அக்கா கூடுதல், செடி உண்மை. நிமி தலையில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

“எந்தா இது? மேலே நட்டது மொத்தம் செத்துப் போயி. கீழே நடாதது வளருன்னு. அம்மச்சி, இவிடெ ஆரா நட்டது?”

“எனக்கு வெளங்கலை தாயி. நான் அங்கன எறங்கவே இல்லை.”

ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். குருசாமி அண்ணன், குருவி கொத்திக் கொண்டுவந்து போட்டிருக்கும் என்றார். கருத்தப்பாண்டி சித்தப்பா ரூம் வாசலில் உட்கார்ந்தபடியே, ஒற்றை யானைதான் காலில் ஒட்டிக் கொண்டுவந்திருக்கும் என்றார். யானை வந்திருந்தால் செடி மட்டுமா இடம் மாறியிருக்கும், ரிசார்ட்டே இடம் மாறியிருக்குமே என்றேன். அதற்கு அவர், இப்போதெல்லாம் யானைகள் பதவிசாக நடக்கின்றன என்றார்.

சித்திக்கு மட்டும் வேறு சந்தேகம். குருசாமி அண்ணன் ஜெனரேட்டர் ஷெட்டில் படுக்கிறவர். அந்த இரைச்சலில் தூங்கித் தூங்கிப் பாதிக் காது போய்விட்டது. சித்தி வருவதற்கு முன்னால் அந்த ரூமை அவர்தான் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் விடிந்ததும் சித்தி அவர் முன்னால் போய் நின்றார்.

“ஏன்யா குருசாமி, நீ ராவெல்லாம் முழிச்சுக் கெடக்கது இதுக்குத்தானா? மேல இருக்கிறதைப் பிடுங்கிக் கீழ நட்டா, நான் வேலை செய்யலைன்னு என்னைய வெளிய தள்ளிருவாக. நீ கட்டில்ல காலை நீட்டிரலாம். அப்படித்தான?”

“ஏத்தா, நான் என் பல்லையே ஒழுங்கா வெளக்கதில்லை. ராத்திரி உக்காந்து செடியா நடுவேன்?”

இந்த இடத்தில் குருசாமி அண்ணன் இருமினார். “பல்லு கதையை நான் சொல்லவே இல்லை. இவனாச் சேத்துக்கிட்டான்.”

“வாயைத் தொறக்காதீக அண்ணே, வேலு சொன்னது நெசமாயிரும்” என்றார் அக்கா.

ஏப்ரல் முதல் வாரம்தான் விஷயம் பிடிபட்டது. சித்தி சரிவின் மேல் வரப்பில், முதுகைக் கீழே காட்டிக்கொண்டு குந்தியிருந்தார். பிழைத்த செடிகளுக்கு நடுவே களை எடுத்துக்கொண்டிருந்தார். முகம் வாடியிருந்தது. சிரிக்க வைக்கலாம் என்று ஏறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“சித்தி, உங்க பழைய சூப்பர்வைசரை நேத்து பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். உங்களை ரொம்ப விசாரிச்சார்.”

“அந்தக் கட்டையில போறவனா? மழைக்கு ஒதுங்குனா முறைப்பான். எம் மகளுக்கு அம்மை போட்டிருக்குன்னேன், கொழுந்துக்கும் அம்மை போட்டிருக்கான்னு கேட்டான். அவன் மூஞ்சியும், அவன் குடையும்…”

சித்தி பேசப் பேச நான் அவருடைய கைகளைப் பார்த்தேன். அவை களை எடுக்கவில்லை. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சீடத்தின் நுனியை இரண்டு இலையும் ஒரு குருத்துமாகக் கிள்ளின. கிள்ளு, கிள்ளு, கிள்ளு. வாய் சூப்பர்வைசரைத் திட்டுகிறது, கை தன் பாட்டுக்குப் போகிறது. பிடி நிறைந்ததும் கை தோளுக்கு மேலே போய்ப் பின்னால் வீசியது. முப்பத்துநான்கு வருஷமாக அங்கே முதுகில் கூடை தொங்கியது. இப்போது அங்கே காற்றுதான் இருந்தது. ஒரு பிடி நுனி பறந்து போய்க் கீழே ஜல்லியில் விழுந்தது. இன்னொரு பிடி என் ஜீப்பின் பானெட்டில் விழுந்தது.

கீழே பார்த்தேன். சித்தி எங்கெங்கே குந்தியிருந்தாரோ, அதற்கு நேர் பின்னால் எல்லாம் பச்சைப் பாய் விரிந்திருந்தது.

நுனியைக் கிள்ள வேண்டும், வெயிலில் வாட வேண்டும், மேலாகப் போட வேண்டும், மறந்துவிட வேண்டும். அர்த்தநாரி சொன்ன அத்தனையையும் சித்தி ஒரு எழுத்து பிசகாமல் செய்திருந்தார். செய்கிறோம் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

“சித்தி, நடுறது நீங்கதான்.”

“நானா? போடா கூறுகெட்டவனே. எங் கை இந்தா இருக்கு.” இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினார். கிள்ளுங்கள் பார்ப்போம் என்றேன். அவர் கையைப் பார்த்தார், கை அவரைப் பார்த்தது. ஒன்றும் நடக்கவில்லை. கவனித்தால் அந்தக் கை வேலை செய்யாது. பேச்சில் இருந்தால்தான் செய்யும்.

நிமியிடம் சொன்னேன். அவள் ஜன்னலில் நின்று அரைமணி நேரம் பார்த்துவிட்டு வந்து, “அம்மச்சியைத் திருப்பி உக்கார வை” என்றாள்.

அவ்வளவுதான் திட்டம். குருசாமி அண்ணன் எருவை வழித்து எறிந்தார். மண் நிற்க, சரிவுக்குக் குறுக்கே வரிசை வரிசையாகக் கல் பதித்தார். இடையில் பொடி ஜல்லி விரித்தார். இதைச் சொல்லாவிட்டால் அவர் என்னைக் கொன்றுவிடுவார்.

“பதினோரு வரிசை” என்றார் குருசாமி அண்ணன். “ஒத்தை ஆளா.”

கீழே படர்ந்ததைப் பெயர்த்து ட்ரேக்களில் வைத்து, களை எடுத்துக் கொடுங்கள் என்று சித்தியின் முன்னால் வைத்தோம். ஒவ்வொரு கல் வரிசையிலும், முதுகை மேலே காட்டி, முகத்தைக் கீழே காட்டி உட்கார வைத்தோம். பேச்சுக் கொடுப்பது என் வேலை. சித்தப்பாவின் முழங்கால் என்றால் சுமாராக விழும். மகளைக் கட்டிக்கொடுத்த கதை என்றால் கை நின்றே போகும், அழுதுவிடுவார். சூப்பர்வைசர் பேச்சை எடுத்தால் போதும், ஒரு நிமிஷத்தில் ஒரு சாக்கு விழும். அந்த மனிதர் நல்லவரோ கெட்டவரோ, அந்தச் சரிவில் பாதி அவர் வளர்த்தது.

மே கடைசியில் முதலாளி வந்தபோது முக்கால் சரிவு பச்சை. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் ஓரத்தில் நின்று பார்த்தார். சந்தோஷப்பட்டார். கான்ட்ராக்ட் வேண்டாம் என்றார்.

“முழுசா மூடுற வரைக்கும் அம்மச்சி இவிடெத்தன்னே நின்னோ. மூடிக் கழிஞ்ஞா இதுக்குப் பின்னே வேலை ஒண்ணும் இல்லல்லோ. வெட்ட வேண்டா, தண்ணி வேண்டா. அப்போ ரூம் குருசாமிக்குக் கொடுத்துரு” என்று நிமியிடம் சொன்னார்.

நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். சித்தியும் சரிங்க சாமி என்றார். வண்டி போன பிறகுதான் ரூம் வாசலிலிருந்து கருத்தப்பாண்டி சித்தப்பா கேட்டார்:

“அப்ப மூடிட்டா நாம எங்கன போவம்?”

சரிவு மூடாவிட்டால் ரூம் போய்விடும் என்று நாலு மாதம் பயந்தோம். இப்போது மூடினால் போய்விடும்.

ஜூனில் மழை பிடித்தது. ஜல்லியில் தண்ணீர் நிற்கவில்லை. சித்தியின் கை நுனி போட்ட இடமெல்லாம், பொழுது விடிந்தால் ஒரு கை அகலம் கூடுதலாகப் படர்ந்திருக்கும். இன்றைக்கு மிச்சம் இருப்பது நடுவே ஒரு கட்டில் அளவு மொட்டை. கட்டில் என்றால் கட்டில்தான், இதில் நான் அளவைக் கூட்டவில்லை.

நேற்று, சவாரி இல்லாவிட்டாலும், ரிசார்ட் பக்கம் போய் ஜீப்பை நிறுத்தினேன். சித்தி மழைக்குப் பாலிதீன் போர்த்திக்கொண்டு, இரண்டு கையையும் அக்குளில் இறுக்கிக்கொண்டு நின்றார்.

“சித்தி, என்ன அப்படி நிக்கிறீக?”

“வேலு, இனிமே நீ எங்கிட்ட பேச்சுக் குடுக்காதப்பா.”

“ஏன், நான் என்ன செஞ்சேன்?”

“பேசுனா கை போவுதுன்னு நீதான சொன்ன. நான் இன்னமும் நம்பலை. ஆனா மூணு நாளா வாயை மூடிட்டு இருந்து பாத்தேன். அந்த எடம் அப்படியேதான் கெடக்கு.” தாடையால் மொட்டையைக் காட்டினார். “எடுத்த கொழுந்து நெரையை முடிக்காம நான் ஒருநாளும் வீட்டுக்குப் போனதில்லை. அதைப் பாத்தா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. முடிச்சா அந்த மனுசனைத் தூக்கிட்டு எங்கன போவேன்? எனக்கு ஒண்ணும் வெளங்கலைப்பா.”

இன்று காலையில் நிமி போன் பண்ணினாள். மழை விட்டதும் முதலாளி மறுபடி வருகிறாராம். கொஞ்சம்தானே பாக்கி, நாளைக்கு வந்து அம்மச்சியிடம் பேச்சுக் கொடு என்கிறாள். போகவா, வேண்டாமா? அதைக் கேட்கத்தான் இவ்வளவும் சொன்னேன்.

“பேசணும்” என்றான் ஜோமோன். “எடா, ஏத்துக்கிட்ட பணி. முடிச்சுட்டு, பிறகு முதலாளி காலைப் பிடிச்சு ரூம் கேக்கணும்.”

“காலைப் பிடிச்சா எஸ்டேட்டுல குடுத்தாகளா?” என்றார் பூமாரி அக்கா. “வேலு, நீ அந்தப் பக்கமே போகாத. அந்த மொட்டை அப்படியே கெடக்கட்டும். நாலு நாளைக்கு ஒருக்கா ஒரு வாளி சாணித்தண்ணி ஊத்தி அழுக விட்டா ஆயுசுக்கும் மூடாது.”

“அது கள்ளத்தரம் அல்லே சேச்சி?”

“அவ கையை முப்பத்துநாலு வருசம் வாங்கிட்டு வெளிய தள்ளுனது என்ன தரம்?”

குருசாமி அண்ணன் இருமவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார். “எல்லாரும் அவளுக்கே பேசுதீக. பதினோரு வரிசை கல்லு பதிச்சவன் எவன்? எட்டு வருசமா ஜெனரேட்டர் பக்கத்துல படுத்து ஒரு காது போச்சு எனக்கு. மொதலாளி எனக்குன்னு சொன்ன ரூமு அது.”

“கிழவனை மழையில எறக்கிவிட்டுட்டு உனக்குக் கட்டிலு கேக்குதா?” அக்கா அவர் முன்னால் இருந்த டம்ளரை எடுத்துக்கொண்டார். “டீயும் வேண்டாம் உனக்கு, போ.”

“பாதி டீ இருக்கு அதுல. குடு தாயி.”

“சேச்சி, குருசாமி மூப்பர் சொல்றதும் ஞாயம்தானே” என்று ஜோமோன் நடுவில் எழுந்தான். பெஞ்சு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது, மறுமுனையில் இருந்த குருசாமி அண்ணன் தரையில் உட்கார்ந்தார்.

“தள்ளிவிடுதியா? என்னையத் தள்ளிவிடுதியா?”

“ஞான் தள்ளலை.”

“என் கடையில நின்னு அவனுக்கு ஞாயம் பேசுத. நீயும் வெளிய போ.”

“மழை பெய்யுது சேச்சி.”

“அப்ப அந்தக் கிழவனுக்கு மட்டும் பெய்யாதா?”

நாளைக்கு நான் பேசவா வேண்டாமா என்று இன்னொரு தடவை கேட்டேன். ஜோமோன் மலையாளத்துக்கு மாறிவிட்டான். குருசாமி அண்ணன் தரையில் இருந்தபடியே அக்காவின் கையிலிருக்கும் டம்ளரைப் பிடித்து இழுக்கிறார். அக்கா விடுவதாக இல்லை.